பூங்கா நிலம் கைமாறும் முன் செய்ய வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. கடலோர ஊர்களில் மாலை நேரத்தில் மணலும் ராட்டினமும் தரும் மகிழ்ச்சியை நம் பிள்ளைகளுக்குத் தருபவை கிருஷ்ணகிரி அருகிலுள்ள கே.ஆர்.பி. அணைப் பூங்கா, அவதானப்பட்டி ஏரியின் படகு இல்லமும் சிறுவர் பூங்காவும், ஒகேனக்கல், ஆண்டுக்கு ஒருமுறை மாங்கனிக் கண்காட்சியில் வந்து நிற்கும் ராட்டினங்கள், இவற்றோடு ஒவ்வொரு நகரிலும் ஊராட்சியிலும் நான்கு ஊஞ்சலும் ஒரு சறுக்கு மரமுமாக இருக்கும் சிறிய பூங்காக்கள். இவற்றில் ஏதேனும் ஒன்றின் இடத்தில் வணிக வளாகமோ பேருந்து நிறுத்தமோ அடுக்குமாடிக் குடியிருப்போ வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பும்போது அதைத் தடுக்க விரும்புபவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பெரும்பாலான இடங்களில் மக்கள் திரள்வது பொக்லைன் இயந்திரம் வந்து நின்ற பிறகுதான். அதற்குள் தீர்மானம் நிறைவேறி, மதிப்பீடு தயாராகி, ஒப்பந்தப்புள்ளியும் முடிந்திருக்கும். அந்த நிலையில் மறியல் செய்தால் ஓரிரு நாள் வேலை நிற்குமே தவிர, கோப்பு நிற்காது. ஆகவே பேச்சு காதில் விழுந்த வாரத்திலேயே கோப்பைத் தேடிப் போக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முழக்கமும் பதாகையும் அதற்குப் பிறகு வரட்டும்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது

முதல் வேலை, பூங்கா அமைந்துள்ள இடத்தின் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கண்டுபிடிப்பது. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உள்ள அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே நிலத்தின் வகை எழுதப்பட்டிருக்கும். அரசுப் புறம்போக்கா, நத்தமா, ஏரிப் புறம்போக்கா, பட்டா நிலமா என்பதைப் பொறுத்தே உங்கள் வாதத்தின் திசை அமையும். அ-பதிவேட்டின் பிரதியையும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தின் நகலையும் அரசின் மின்சேவைத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாலும், கையொப்பமிட்டுச் சான்றளிக்கப்பட்ட நகலைக் கட்டணம் செலுத்தி வாங்கி வைப்பது நல்லது. பின்னர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் அதுவே உதவும். அதோடு பதிவுத்துறையில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். சமீபத்தில் குத்தகையோ கிரயமோ பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

அணைப் பூங்கா போன்றவை நீர்வளத் துறையின் கையில் இருப்பவை. நகராட்சிப் பூங்காக்கள் உள்ளாட்சியின் கையில் இருப்பவை. இவ்விரண்டிலும் நில உடைமையாளரே பொது அமைப்பு என்பதால் மாற்றத் துடிப்பதும் சில வேளைகளில் அதே அமைப்பாக இருக்கும். அமெரிக்காவில் நியூயார்க் நகரின் கோனி ஐலண்ட் கடற்கரையில் நடந்ததும் இதுதான். 1927இல் அங்கே கட்டப்பட்ட சைக்ளோன் என்னும் மர உருளிப்பாதை (ரோலர் கோஸ்டர்) 1970களின் தொடக்கத்தில் நகரின் உடைமையாக இருந்தது. அதை இடித்துவிட்டு அருகிலிருந்த மீன் காட்சியகத்தை விரிவாக்கத் திட்டமிட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள். இடிப்புக்கு மாற்றாக அதை எடுத்து நடத்த முன்வந்த ஒரு பூங்கா நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, 1975இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. 1988இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் 1991இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அது அறிவிக்கப்பட்டது. பொது உடைமையாக இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணி நாம் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களைச் சுற்றி வளர்ந்துவரும் மனைப்பிரிவுகளில் சிக்கல் வேறு விதமானது. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமலே விட்டுவிட்டு, பல ஆண்டுகள் கழித்து அதையே மனைகளாகப் பிரித்து விற்கும் வழக்கம் இங்கே உண்டு. எனவே நகர் ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து அங்கீகார எண்ணுடன் கூடிய வரைபட நகலையும், சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து தானப் பத்திர நகலையும் பெற்று இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய அளவும் பத்திரத்தில் எழுதிய அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் முதல் மனுவுக்கான பொருள் கிடைத்துவிட்டது.

நம் பக்கத்து ஊர் வழக்கு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெங்களூருவின் ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் தனியார் மருத்துவமனை கட்டுவதற்கு ஒதுக்கப்பட்டபோது அப்பகுதிவாசிகள் நீதிமன்றம் சென்றார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்த வழக்கில் 1991இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த ஒதுக்கீடு செல்லாது என்றும், பூங்காவைக் காக்க வழக்குத் தொடர அங்கு வாழும் மக்களுக்கு உரிமை உண்டு என்றும் கூறியது. உங்கள் மனுக்களில் இத்தீர்ப்பை மறவாமல் குறிப்பிடுங்கள். தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கென்றே 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அதன்படி தயாரிக்கப்பட வேண்டிய பட்டியலில் உங்கள் பூங்கா இடம்பெற்றுள்ளதா என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

கோப்பைக் கேட்டு வாங்குதல்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உங்களுக்கான அடுத்த கருவி. வெள்ளைத் தாளில், பிரிவு 6(1)இன் கீழ், உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதிலும் பயனில்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “பூங்காவை ஏன் இடிக்கிறீர்கள்?” என்று கேட்டால், விளக்கம் தகவலாகாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இன்ன சர்வே எண்ணில் உள்ள பூங்கா தொடர்பாக இன்ன தேதி முதல் இன்று வரை நிறைவேற்றப்பட்ட மன்றத் தீர்மானங்களின் நகல். அந்த இடத்தில் உத்தேசித்துள்ள கட்டுமானத்தின் மதிப்பீட்டு நகல். நில வகைப்பாட்டையோ நிலப் பயன்பாட்டையோ மாற்றக் கோரி அனுப்பிய கடிதங்களின் நகல். கடந்த ஐந்து ஆண்டுகளில் பூங்காப் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையும் செலவிட்ட தொகையும். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான பட்டியலின் நகல். இவற்றோடு, கோப்பை நேரில் பார்வையிட நாள் ஒதுக்கித் தருமாறும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் 2(ஒ) முதலான உட்பிரிவுகளைப் பற்றிக் கவலைப்படாமல் “கோப்பை ஆய்வு செய்ய விரும்புகிறேன்” என்று எழுதினாலே போதும். அந்த உரிமை சட்டத்தில் தெளிவாக உண்டு. நேரில் கோப்பைப் புரட்டும்போது குறிப்புத் தாள்களைப் படியுங்கள். இடைநிலை அலுவலர் ஒருவர் “இவ்விடம் பொதுமக்கள் பயன்பாட்டில் உள்ளது” என்று எழுதி, அது மேலே போகப் போக மறைந்துபோயிருப்பதை அங்கேதான் காண முடியும்.

பராமரிப்புச் செலவைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பூங்காவை மூட நினைப்பவர்கள் முதலில் அதைக் கவனிக்காமல் விடுவார்கள். விளக்கு எரியாது, குழாயில் தண்ணீர் வராது, சறுக்கு மரத்தின் தகரம் கிழிந்து பிள்ளைகளின் தொடையைக் கீறும், முட்செடி வளரும், மாலையில் மது அருந்துபவர்கள் வந்து உட்காருவார்கள். பிறகு “யாரும் வருவதில்லை, சமூகவிரோதிகளின் கூடாரமாகிவிட்டது” என்று குறிப்பு எழுதப்படும். ஒதுக்கிய பணமும் செலவான பணமும் கையில் இருந்தால், அந்தக் குறிப்புக்கு நீங்கள் எண்களால் பதில் சொல்லலாம்.

யாருக்காக, எத்தனை பேருக்காக

பூங்காவுக்கு வருபவர்களை எண்ணுங்கள். ஒரு வேலை நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிறு, ஒரு பண்டிகை நாள் என்று தேர்ந்தெடுத்து, காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை, மணிக்கு ஒரு கட்டமாகத் தாளில் கோடு போட்டுக்கொண்டு, குழந்தைகள், பெண்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். வாயிலில் இருவர் முறை மாற்றி உட்கார்ந்தால் எளிதாக முடியும் வேலை இது. எண்ணியவர் பெயர், தேதி, கையொப்பம் ஆகியவை தாளின் அடியில் இருக்கட்டும். கையில் அத்தகைய தாள்கள் இருக்கும்போது மனுவின் எடையே மாறிவிடுகிறது.

பூங்கா வாசலில் பிழைப்பு நடத்துபவர்களை மறந்துவிடாதீர்கள். அணைக்குப் போகும் வழியில் மீன் வறுக்கும் பெண்கள், மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப் பொடி தூவி விற்பவர், பலூன் விற்பவர், கையால் சுற்றும் சிறு ராட்டினக்காரர் ஆகியோர் அந்த இடத்தின் மேல் நம்மைவிடக் கூடுதல் உரிமை உடையவர்கள். சாலையோர வியாபாரிகளைப் பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு இருக்கிறது. அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் தனி மனுவாகக் கொடுக்கலாம். அவர்களிடம் பேசப் போகும்போது தாளை நீட்டி “கையெழுத்துப் போடுங்கள்” என்று தொடங்காதீர்கள். “அக்கா, ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் எப்படி? இந்த இடம் போய்விட்டால் எங்கே கடை போடுவீர்கள்?” என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டி, பிறகு ஒப்பம் வாங்குங்கள். அச்சடித்த ஒரே வாசகத்தின் கீழ் ஆயிரம் கையொப்பங்களைவிட இப்படிப்பட்ட இருபது வாக்குமூலங்கள் அலுவலரின் மனத்தில் நிற்கும்.

துண்டறிக்கை எழுதும்போது நம் மாவட்டங்களின் இயல்பை நினைவில் கொள்ள வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்கள் பல. தமிழ் அறிக்கையோடு அம்மொழிகளிலும் நான்கு வரிகள் இருந்தால், நமக்கும் இதில் இடம் உண்டு என்று எல்லோருக்கும் தோன்றும்.

குழுவை அமைக்கும்போது எல்லாக் கட்சியினரையும் அழையுங்கள். ஆனால் எந்தக் கட்சியின் கொடியும் கூட்டத்தில் வேண்டாம் என்று முதல் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒரு கொடி ஏறிவிட்டால் மறு கொடிக்காரர்கள் திட்டத்தின் ஆதரவாளர்களாக மாறிவிடுவார்கள், பூங்கா இரு கட்சிகளின் கௌரவப் பிரச்சினையாகிவிடும். சங்கமாகப் பதிவு செய்ய விரும்பினால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் போதும். பதிவு செய்யாவிட்டாலும் வரவு செலவை ஒரே நோட்டில் எழுதி, கூட்டந்தோறும் படித்துக் காட்டுங்கள்.

மனு எங்கே, எப்போது

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து, பதிவு எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். அந்த எண் இல்லாத மனு எந்தக் காலத்திலும் கிடைக்காது. 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி என்னும் வருவாய்க் கணக்குத் தணிக்கை, நிலப் பதிவேட்டுப் பிழைகளைச் சுட்டிக்காட்ட ஏற்ற இடம். “பூங்கா” என்று பதிவேட்டில் குறிப்பு இல்லாவிட்டால் அதைச் சேர்க்கக் கோரி அங்கே எழுதிக் கொடுங்கள்.

ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையை விட வலிமையான மேடை கிடையாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால், ஆள் திரட்டுவது உங்கள் பொறுப்பு. தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள். சர்வே எண், பரப்பு, “இவ்விடத்தைப் பூங்கா தவிர வேறெந்தப் பயன்பாட்டுக்கும் மாற்றக் கூடாது” என்ற வரி ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்து, எழுதிய பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்த பிறகே அங்கிருந்து கிளம்புங்கள்.

நிலப் பயன்பாட்டை மாற்றும் முயற்சி நடந்தால் நாளிதழ்களில் ஆட்சேபணை கோரும் அறிவிப்பு வரும். அது பெரும்பாலும் உள்பக்கத்தில், சிறிய எழுத்தில், ஊர்ப்பெயர் எளிதில் கண்ணில் படாதபடி இருக்கும். குழுவில் ஒருவரிடம் நாள்தோறும் அதைத் தேடும் வேலையை ஒப்படையுங்கள். குறிப்பிட்ட கெடுவுக்குள் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக ஆட்சேபணை அனுப்ப வேண்டும். வளர்ந்த மரங்களை வெட்ட வேண்டிய திட்டமாக இருந்தால், அரசு நிலத்து மரங்களுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. மரங்களை எண்ணி, வகையும் சுற்றளவும் எழுதி அக்குழுவுக்கு அனுப்புங்கள்.

ஊர்வலமோ ஆர்ப்பாட்டமோ நடத்துவதாக இருந்தால் காவல்துறையிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி கேட்டு, மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பதாகை பிடிக்கச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களைப் பூங்காவுக்குள்ளேயே ஒரு மாலை முழுவதும் விளையாட விடுங்கள். செய்தியாளர்களை அந்த மாலைக்கு அழையுங்கள்.

மாற்றுத் திட்டம் ஒன்று கையில் வேண்டும்

“கூடாது” என்று சொல்பவர்களிடம் “பிறகு என்ன செய்வது?” என்ற கேள்வி கட்டாயம் வரும். இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையில் இருக்கும் டிரீம்லாண்ட் கேளிக்கைப் பூங்காவின் கதை இதற்கு நல்ல பாடம். 1920இல் திறக்கப்பட்ட அதன் மர உருளிப்பாதை 2002இல் பாதுகாக்கப்பட்ட கட்டுமானமாகப் பட்டியலிடப்பட்டது. 2003இல் பூங்காவை மூடப்போவதாகச் செய்தி வந்ததும் ஊர்மக்களும் ஆர்வலர்களும் இயக்கம் தொடங்கினார்கள். பட்டியலில் இருந்ததால் உருளிப்பாதையை இடிக்க இயலவில்லை. ஆனால் சுற்றியிருந்த நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2008இல் தீப்பிடித்து உருளிப்பாதையின் ஒரு பகுதி எரிந்தது. இயக்கத்தார் எதிர்ப்போடு நிற்காமல், பழைய விளையாட்டுகளைக் கொண்டு பாரம்பரியக் கேளிக்கைப் பூங்காவாகவே அதை நடத்தும் திட்டத்தை வரைந்து, பொதுநிதி தேடினார்கள். உள்ளூர் மன்றம் கட்டாயக் கையகப்படுத்தல் மூலம் நிலத்தைப் பெற்றது. 2015 ஜூனில் பூங்கா மீண்டும் திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. திறந்த மறு ஆண்டே அதை நடத்திய நிறுவனம் கடன் நெருக்கடியில் சிக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காப்பாற்றுவதும் நடத்துவதும் வேறு வேறு வேலைகள்.

நம் ஊர்ப் பூங்காவுக்கு அவ்வளவு பெரிய திட்டம் தேவையில்லை. இரண்டு பக்கத்தில் எழுதலாம்: பழுதான விளையாட்டுக் கருவிகள் எவை, மாற்ற என்ன செலவு, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் வாங்கிய விலைப்புள்ளி, விளக்குக்கும் தண்ணீருக்கும் மாதச் செலவு, காவலர் சம்பளம், வாகன நிறுத்தக் கட்டணம், கடை வாடகை மூலம் வரக்கூடிய வருமானம். வணிக வளாகம் கட்ட அருகில் வேறு எந்தப் புறம்போக்கு நிலம் பொருந்தும் என்பதையும் சர்வே எண்ணோடு சேர்த்துக் காட்டினால், வளர்ச்சிக்கு எதிரிகள் என்ற பேச்சு தானாக அடங்கும்.

பாதுகாப்பைப் பற்றி எந்தச் சமரசமும் கூடாது. ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகக் கரையில் உள்ள லூனா பூங்காவில் 1979 ஜூனில் பேய் ரயில் விளையாட்டில் ஏற்பட்ட தீயில் ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஆறு பேர் குழந்தைகள். அதன் பிறகு நிலம் வேறு பயன்பாட்டுக்குப் போகாமல் தடுக்கக் கலைஞர்களும் நகரத்தாரும் சேர்ந்து இயக்கம் நடத்தினார்கள்; 1990இல் அந்த இடத்துக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. மீண்டும் திறந்தபோது இரைச்சல் குறித்து அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டதால் மறுபடி மூட நேர்ந்தது. ராட்டினத்தின் அச்சும் மின்கம்பியும் சரியாக இருக்கின்றனவா என்று நாமே முதலில் கேட்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு நேரக் கட்டுப்பாட்டையும் நாமே முதலில் சொல்ல வேண்டும். பூங்காவை ஒட்டி வாழ்பவர்கள் நம் பக்கம் இல்லையென்றால் மற்றவர்களின் கையொப்பங்கள் பயன்படா.

நீதிமன்றம்

மனுக்களுக்குப் பதில் இல்லாமல் வேலை தொடங்கும் அறிகுறி தெரிந்தால், அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். நம் இரு மாவட்டங்களும் சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருபவை. அதுவரை சேர்த்த அ-பதிவேட்டு நகல், வரைபடம், தகவல் உரிமைப் பதில்கள், ஒப்புகைச் சீட்டுகள், கிராம சபைத் தீர்மானம், வருகைக் கணக்கு ஆகியவை தேதி வரிசையில் இருந்தால் வழக்கறிஞரின் பாதி வேலை முடிந்துவிடும். ஏரியையோ நீர்வழியையோ ஒட்டிய பூங்காவாக இருந்து சுற்றுச்சூழல் கேள்வி எழுந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம்; ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும் என்ற கெடு உண்டு. பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

தடை உத்தரவோ திட்டம் கைவிடப்பட்ட செய்தியோ வந்ததும் பட்டாசு வெடித்துக் கலைந்துவிடுவதுதான் வழக்கம். திட்டத்தை ரத்து செய்யும் தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். செய்தித்தாளில் வந்த வாக்குறுதி ஆவணமாகாது. அதன்பின் அடுத்த நிதியாண்டின் வரவு செலவுத் திட்டத்தில் பூங்காவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று, ஏப்ரல் மாதத்திலேயே, மறுபடியும் ஒரு பத்து ரூபாய் வில்லை ஒட்டிக் கேட்டு எழுதுங்கள்.